புஸ்பம் அக்காவிடம் கேட்க மறந்த கேள்வி

செய்தியைச் சொன்னது அவருடைய தங்கை சாந்தி. காலையில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது.

"அக்கா போயிட்டா, மிஸ். விடிய எழுப்பப் போனன். நித்திரையிலயே போயிரிக்கா."

நான் ஏதும் கேட்பதற்குள் அவரே தொடர்ந்தார். "உங்களுக்குத்தான் முதல்ல சொல்றன். அவ சொல்லி வச்சவ. 'எனக்கு ஒண்டு எண்டா அந்தப் புள்ளைக்கு முதல்ல சொல்லு, அவ சீலை உடுத்து வெளிக்கிட அரைநாள் எடுக்கும்' எண்டு."

அழுதுகொண்டிருந்த நாங்கள் இருவரும் சிரித்துவிட்டோம். சாந்தி முதலில் சிரித்தார் என்பதால் எனக்குக் குற்ற உணர்வு இல்லை.

புஸ்பம் அக்காவைத் தெரிந்தவர்களுக்கு இதில் வியப்பு இராது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வாவிக்கரையில் உள்ள எங்கள் மனநலப் புனர்வாழ்வு இல்லத்தில் அவர் பல வருடங்கள் தங்கியிருந்தார். நான் அங்கே உளவளத்துணையாளராக வேலை செய்கிறேன். அவருடைய பெயரை இங்கே எழுதுவதற்கு எனக்கு அனுமதி உண்டு. ஒருமுறை இல்லத்தைப் பற்றி எழுதிய சிறு கட்டுரையை அவருக்கு வாசித்துக் காட்டினேன். 'நோயாளி ஒருவர் கூறினார்' என்று வந்த இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஆரு அது?"

"நீங்கதான் அக்கா. பேர் போடக் கூடாது எண்டு ஒரு முறை இருக்கு."

"மத்தவங்கட பேரைப் போடாத. அவங்களக் கேளு. என்ட பேரைப் போடு. நல்ல கதை சொல்லியிரிக்கன். ஆரோ சொன்ன மாதிரி எழுதி வச்சிரிக்காய்."

அவருடைய பேச்சு இப்படித்தான் இருக்கும். குற்றம் சொல்கிறாரா, கேலி செய்கிறாரா என்று நாங்கள் யோசித்து முடிப்பதற்குள் அவர் அடுத்த விடயத்துக்குப் போயிருப்பார்.

இல்லத்தில் பெண்கள் பகுதியில் கட்டில்களுக்கு இடையே திரைச்சேலைதான் மறைப்பு. ஒரு நாள் காலை புதிதாக வந்த மருத்துவர் எங்களோடு சுற்றி வந்தபோது திரையைச் சரக்கென்று விலக்கினார். அக்கா தலையை விரித்துப் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"டொக்டர், திரையில தட்ட ஏலாதுதான். அதுக்குப் பதிலா இருமலாமே?"

அந்த மருத்துவரை எனக்குப் பிடித்துப்போனது அந்தக் கணத்தில்தான். திரையை மூடினார். வெளியே நின்று இருமினார். உள்ளே அக்கா நிதானமாகத் தலையை முடிந்து, சட்டையைச் சரிசெய்து, "வாங்க டொக்டர், இரிங்க" என்றார். அதன் பிறகு மருந்து கொடுப்பவர், கூட்டுபவர், சாப்பாடு கொண்டு வருபவர் என எல்லோரும் இருமிவிட்டே உள்ளே போனார்கள். வெளியிலிருந்து பார்வையிட வந்த அதிகாரி ஒருவர் என்னைத் தனியே அழைத்து, இங்கே ஏதும் தொற்றுநோய் பரவியிருக்கிறதா என்று கவலையோடு கேட்டார்.

அதே மருத்துவரிடம்தான் தன் மருந்துக் குளிசைகளைப் பற்றியும் கேட்டார். அப்போது அவருடைய கைகள் நடுங்கும். தேநீர்க் கோப்பையைத் தூக்கினால் பாதி சீலையில் சிந்தும். குளிசைகளை உள்ளங்கையில் பரப்பி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் எதற்கு என்று கேட்டார். இது காதில் கேட்கும் குரல்களுக்கு, இது நித்திரைக்கு, நடுக்கம் இந்த முதல் குளிசையால் வருகிறது என்று மருத்துவர் விளக்கினார்.

"நடுக்கம் இதால எண்டு முந்தியும் தெரியுமோ?"

"தெரியும்."

"ஓ. அப்ப எனக்கு மட்டுந்தான் தெரியா."

மருத்துவர் அன்றே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வேறு மருந்துக்கு மாறலாம், அதனால் உடம்பு பருக்கக் கூடும் என்றார். "பருத்தா சட்டையைப் பிரிச்சுத் தைக்கலாம், நடுங்கினா ஊசியில நூல் கோக்க ஏலா" என்று அக்கா தேர்ந்தெடுத்தார். எதற்கென்று தெரிந்துகொண்ட பிறகு அவரை யாரும் குளிசைக்காக வற்புறுத்த வேண்டியிருக்கவில்லை.

ஆனால் அவருக்கு உண்மையில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. தேற்றாத்தீவில் உள்ள தன் வீட்டுக்குத் திரும்பிப் போவது.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மூத்த மகளான அக்காவுக்கு அந்த வீட்டைச் சீதனமாக எழுதிக் கொடுத்துத்தான் கலியாணம் செய்து வைத்தார்கள். நோய் வருத்தம் வந்தபோது கணவர் அவரை விட்டுப் போய்விட்டார். ஒரு நாள் கைகளைக் கட்டி ஓட்டோவில் ஏற்றி அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். வெறும் வீடாகக் கிடக்கக் கூடாதென்று சாந்தி குடும்பத்தோடு அங்கே வந்து இருந்தார். காலம் போயிற்று.

அக்கா சுகமாகி நெடுநாளாகியும் வீடு போகவில்லை. நாங்கள் குடும்பக் கூட்டம் வைப்போம். சாந்தியும் கணவரும் வருவார்கள். "அக்காவை ஏற்றுக்கொள்வீர்களா?" என்று நாங்கள் கேட்போம். பிள்ளைகளுக்குப் பரீட்சை, கூரை திருத்த வேண்டும், அடுத்த வருடம் பார்க்கலாம் என்பார்கள். 'குடும்பம் இன்னும் தயாரில்லை' என்று நாங்கள் முடிவு செய்வோம். அவ்வளவு நேரமும் அக்கா வெளியே வாங்கில் உட்கார்ந்திருப்பார். முடிவைச் சொல்ல மட்டும் அவரை உள்ளே கூப்பிடுவோம். அப்படித்தான் வழக்கம். கூட்டத்தில் இருந்த எல்லோரும் இந்த மண்ணில் பிறந்தவர்கள். எந்த வீடு எந்தப் பெண்ணுக்கு என்பது தெரியாத ஒருவரும் எங்களில் இல்லை.

கடைசிக் கூட்டத்தில் யாரும் கூப்பிடாமலே அவர் வாசலில் வந்து நின்றார். இருமினார். உள்ளே வந்து ஒரு கதிரையை எடுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"என்னை ஏத்துக்கொள்ளுவீங்களா எண்டு அவங்களக் கேக்கிறீங்க. வீடு என்ட. அவங்கள வச்சிருக்க எனக்கு விருப்பமா எண்டு என்னட்ட ஆரும் கேட்டீங்களா?"

மருத்துவர் என்னைப் பார்த்தார், நான் மேசையைப் பார்த்தேன். கடைசியில் மருத்துவர்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "உங்களுக்கு விருப்பமா?" என்று கேட்டார்.

அக்கா தங்கையையும் அவருடைய கணவரையும் நிதானமாக ஒரு முறை பார்த்தார். தன்னிடம் கேட்கப்பட்ட கேள்வியைக் கொஞ்ச நேரம் அனுபவித்தார் என்றே நினைக்கிறேன்.

"விருப்பந்தான்," என்றார். "புள்ளைகள் இல்லாம அந்த வீட்ட வச்சு நான் என்ன செய்ய?"

சாந்தி விம்மி அழுதார். "நீ வந்தா எங்கள வீட்ட விட்டு எழுப்பிப் போடுவாய் எண்டுதான் பயந்தன், அக்கா."

"விசரி. உனக்கு எண்டு ஒரு வீடு கட்டுமட்டும் இரி. அதுக்குப் பிறகும் இரி. ஆனா கிணத்தடிப் பக்க அறை எனக்கு. கதவுக்கு உள்பக்கம் கொண்டி வேணும்."

உள்பக்கக் கொண்டிக்குச் சாந்தியின் கணவர் தயங்கினார். திரும்ப வருத்தம் வந்து உள்ளே பூட்டிக்கொண்டால்? அது நியாயமான பயம். அக்கா அதற்கும் பதில் வைத்திருந்தார். "எனக்கு நித்திரை கெட்டால் அதுதான் தொடக்கம். அப்ப என்னட்டச் சொல்லு, 'அக்கா, நீ நித்திரை கொள்ளல்ல' எண்டு. நானே கொண்டியைக் கழட்டிக்கொண்டு வாறன். கட்டிக்கொண்டு போகாதீங்க. அது மட்டும் ஒருக்காலும் வேணா."

அக்கா வீடு போய் இரண்டு வருடம் கழித்து அப்படியே நடந்தது. ஒரு முற்பகல், சிகிச்சைப் பிரிவின் முன்னால் பஸ்ஸிலிருந்து அக்காவும் தங்கையும் இறங்கினார்கள். சாந்தியின் கையில் உடுப்புப் பை. அக்காவின் கையில் ஒரு சீப்பு வாழைப்பழம், தாதிமாருக்கு. "எனக்குக் கொஞ்சம் சரியில்ல, டொக்டர். அவ சொன்னா, நானும் பாத்தன், உண்மைதான்," என்றார். சில நாள் இருந்து, மருந்தைச் சரிசெய்துகொண்டு, வந்த மாதிரியே பஸ்ஸில் திரும்பிப் போனார்.

பிறகு அவர் இல்லத்துக்கு வேறு வேலையாக வரத் தொடங்கினார். பராமரிப்பாளர்களைத் தெரிவு செய்யும் நேர்முகத் தேர்வில் எங்களோடு அவரும் உட்காருவார். வந்த எல்லோரிடமும் ஒரே கேள்வி. "நான் சாப்பிட மாட்டன் எண்டா என்ன செய்வீங்க?" அன்பாக ஊட்டிவிடுவேன் என்றார் ஒருவர். மருத்துவரிடம் அறிவிப்பேன் என்றார் இன்னொருவர். ஏறாவூரிலிருந்து வந்திருந்த ஒரு பெண் சற்று யோசித்து, "என்ன கறி எண்டு பாப்பன்" என்றார். அக்கா என் பக்கம் குனிந்து, "மத்தவங்களக் கூப்பிட வேணா, வீட்ட போகச் சொல்லு," என்றார். மற்றவர்களையும் முறைப்படி கூப்பிட்டோம். அந்தப் பெண்தான் இன்றும் எங்களோடு வேலை செய்கிறார்.

தேற்றாத்தீவுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மதியமாகிவிட்டது. அரைநாள்தான் எடுத்திருந்தேன். நடு விறாந்தையில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். பாக்கு, வெற்றிலைத் தட்டை நகர்த்தி எனக்கு இடம் தந்த ஊர்ப் பெண் ஒருவர், "வீட்டுக்காரிக்கு நீங்க என்ன முறை?" என்று கேட்டார். சிநேகிதி என்றேன். இதற்கு முன் நான் அப்படிச் சொன்னதில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது சின்ன விடயம். உரியவரிடம் கேட்டுவிட்டு, பிறகு சும்மா இருப்பது. இரண்டாவதுதான் கடினம்.

போன கிழமை வவுணதீவுப் பக்கமிருந்து ஒரு தாயும் மகனும் வந்தார்கள். பெயரை எழுதலாமா என்று அவர்களை இன்னும் கேட்கவில்லை. மகன் பல மாதங்களாக வீட்டில் பேசுவதில்லை. "உங்களுக்கு என்ன செய்ய விருப்பம்?" என்று அவரிடம் கேட்டேன். தாய் பேச வாயெடுத்தார். நான் மெல்லக் கையை உயர்த்தினேன். யன்னலுக்கு வெளியே வாவியில் ஒரு தோணி இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போகும் வரை யாரும் பேசவில்லை.

"வயல் வட்டைக்குப் போகணும்," என்றார் மகன். "வேலைக்கு இல்ல. சும்மா பாக்க."

"இப்ப என்னடா பாக்கக் கிடக்கு?" என்றார் தாய். "வெள்ளாம இன்னும் குடலையில நிக்கு. கதிர் வரட்டும், போவம்."

"இல்ல. கதிர் வர முதல்தான் பாக்கணும்."

"வெயிலுக்குள்ளயா?"

"காலையில போனா என்ன வெயில்?"

நான் வாயைத் திறக்கவில்லை. அவர்கள் எந்த நாள் போவது என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள்.