மேல்கோட்டைத் தாண்டிய ஆயில்

சாவியைத் திருப்பியதும் எரிந்து, என்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டிய சிவப்பு விளக்கு அது. மூக்கில் ஒரு சொட்டோடு சின்ன எண்ணெய்க்குடுவைப் படம். என் காரில் மூன்று வாரமாக, என்ஜின் சூடான பிறகு அது மறுபடி எரிய ஆரம்பித்தது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் அணையும். காலை எடுத்தால் சிமிட்டும். பழவேற்காட்டில் என்னைப் பார்த்துக் கண்சிமிட்டுகிற ஒரே ஜீவன் என்பதால் முதலில் அதைக் கண்டிக்கவில்லை.

கார் இருபத்தைந்து வயதைத் தாண்டிய பெட்ரோல் வண்டி. நானும் மனைவியும் பிரிந்தபோது அவள் வீட்டை எடுத்துக்கொண்டாள், நான் காரை. தேர்ந்தெடுக்கும் திறமை அவளுக்கு எப்போதும் உண்டு. ஏரியைப் பார்த்த வாடகை வீட்டுக்கு வந்தேன், புத்தகம் எழுதுவதாகச் சொல்லிக்கொண்டு. மூன்று வருடத்தில் முன்னுரை முடிந்திருக்கிறது.

விளக்கைப் பற்றிப் படித்தேன். படிப்பது எனக்குக் கைவந்த கலை, அதற்குப் பிறகு எதையாவது செய்வதுதான் வராது. ஆயில் அழுத்தம் குறைந்தால், உள்ளே பேரிங்குகள் தேய்ந்திருக்கலாம் என்றது இணையம். அப்படியானால் என்ஜினைப் பிரிக்க வேண்டும். இந்த வயதுக் காரை யாரும் பிரிப்பதில்லை, பழைய இரும்புக்குப் போட்டுவிடுவார்கள். போனால் போகட்டும் என்று சொல்ல முடியவில்லை. காலையில் என் வாசலில் கேட்கும் ஒரே சத்தம் அந்த என்ஜின்தான்.

அந்தச் சத்தம் நான் பக்கத்து வீட்டிலிருந்து இரவல் வாங்கிய வழக்கம். மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகள் சும்மா நிற்கும்போது, உப்புக்காற்றில் என்ஜின் இறுகிவிடாமலிருக்க வாரத்துக்கொரு முறை அதை ஓடவிடுவார்கள். பக்கத்து வீட்டுப் படகுக்காரர் அப்படிச் செய்வதைப் பார்த்தேன். எனக்கும் அதே காற்றுதானே என்று நானும் ஆரம்பித்தேன். தடைக்காலம் முடிந்து அவர் கடலுக்குப் போனார். நான் தொடர்ந்தேன், அதுவும் தினமும். குளிர்ந்த என்ஜினுக்குப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும் சோக்கை இழுத்து, கால் மணி நேரம் ஓடவிட்டு, காபியோடு பக்கத்தில் நிற்பேன்.

"இன்னா சார், வண்டிக்கு மட்டும் இன்னும் தடைக்காலமா?" என்று மதில்மேல் எட்டிப்பார்த்துக் கேட்டார் அவர் ஒரு நாள்.

"எனக்கும்தான்" என்றேன். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அந்த வாரத்தில் எனக்கு நடந்த நீளமான உரையாடல் அது.

கடைசியில், படகு என்ஜின் பழுதுபார்க்கும் மெக்கானிக் பாயின் கொட்டகைக்குக் காரை மெதுவாக உருட்டிக்கொண்டு போனேன். அவருக்குக் கார்கள் மேல் பெரிய மரியாதை இல்லை.

"கடல்ல நின்னா நீஞ்சணும் சார். ரோட்ல நின்னா டீ குடிக்கலாம். இதுக்கு இன்னா அவசரம்?"

"விளக்கு எரியுது பாய்."

"வௌக்கு பொய் சொல்லும். பார்க்கலாம்."

விளக்கை எரியவைக்கும் சுவிட்சை என்ஜினிலிருந்து கழற்றி, அந்த ஓட்டையில் ஒரு பித்தளை இணைப்பை வைத்து, படகுக்கான பிரஷர் மீட்டரை முறுக்கினார். வண்டி குளிர்ந்திருந்தபோது முள் நன்றாகவே எழுந்தது. சூடாகச் சூடாக இறங்கி, கடைசியில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டது. விளக்கு பொய் சொல்லவில்லை.

நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை என்ஜினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்து அவர் வெகுநேரம் கேட்டார். என்னை யாரும் அவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை.

"பேரிங் கத்தல. இன்னும் போவல" என்றார். "ஆயில் பார்த்தியா சார்?"

"தினமும் பார்க்கறேன். ஒரு சொட்டு குறையல. கொஞ்சம் ஏறிக்கூட இருக்கு" என்றேன், பெருமையாக.

அளவுக்கம்பியை உருவினார். ஆயில் அதிலிருந்த மேல்கோட்டையும் தாண்டியிருந்தது. அவர் என்னைப் பார்த்த பார்வையில் பெருமை இல்லை. விரலில் தொட்டுத் தேய்த்தார், தண்ணீர் மாதிரி ஓடியது. முகர்ந்துவிட்டு என் மூக்கருகே நீட்டினார். பெட்ரோல்.

"ஆயில் எங்கனா தானா ஏறுமா சார்?"

என்ஜினுக்குப் பெட்ரோல் அனுப்பும் பம்ப்பின் உள்சவ்வு கிழிந்திருந்தாலும் ஆயிலில் பெட்ரோல் இறங்கும் என்று அதையும் கழற்றிப் பார்த்தார். கிழியவில்லை. கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"வண்டி எங்க போவுது டெய்லி?"

"எங்கயும் போகல. வாசல்ல நிக்க வச்சு ஓட விடுவேன்."

"சோக் இஸ்து வச்சிக்கினா?"

"ஆமா."

"எதுக்கு?"

படகுக்காரர்களைப் பார்த்துச் செய்ததாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, அதுதான் சங்கடமாக இருந்தது.

"அது டீசலு, வாரத்துல ஒரு நாளு. இது பெட்ரோலு. சோக்ல நின்னுக்கினே ஓடுனா எரியாத பெட்ரோல் கீழ எறங்கி ஆயில்ல கலந்துரும். ஆயில் தண்ணியாப் போனா பிரஷர் எங்க நிக்கும்? ஓட்டிக்கினு போனா சூட்டுல ஆவியாயிரும். நீதான் எங்கயும் போவலியே."

ஆயிலை வடித்து, ஃபில்டரை மாற்றி, புது ஆயில் ஊற்றினார். மறுபடி சூடாக்கினோம். முள் இறங்கியது, ஆனால் பாதியில் நின்றது. அங்கேயே நின்றது.

"தப்பிச்சிச்சி. இனிமே ஸ்டார்ட் பண்ணா பொன்னேரி வரைக்கும் போய்ட்டு வா சார். இல்லனா ஸ்டார்ட் பண்ணாத."

"பொன்னேரில எனக்கு யாரும் இல்லையே பாய்."

"வண்டிக்குத்தான சொல்றேன்" என்றார்.

மறுநாள் காலை போனேன். பொன்னேரி ஸ்டேஷன் வாசலில், என்ஜினை அணைக்காமல் நிறுத்தி, விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். கும்மிடிப்பூண்டி ரயிலிலிருந்து இறங்கிய கூட்டத்தில், காலி மீன்கூடையோடு வந்த அம்மா ஒருவர் ஜன்னலில் குனிந்தார்.

"பழவேற்காடு போவுதா?"

"போகுதும்மா. ஏறுங்க."

அவர் காரைப் பார்த்தார், பிறகு என்னை. "பஸ் வந்துரும்" என்று நகர்ந்துவிட்டார்.

திரும்பி வந்து வாசலில் நிறுத்தி, காலை ஆக்ஸிலேட்டரிலிருந்து எடுத்தேன். என்ஜின் நன்றாகச் சூடாகியிருந்தது. விளக்கு எரியவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தேன். எரியவேயில்லை. கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.