ஆளில்லாத தண்ணீர்

துருவக் கடலின் தனிக்கல உயிர்களுக்காகச் சந்தையில் மீன் விற்பவர்களிடம் ஐஸ் கெஞ்சி வாங்கிய ஒரே ஆள் இந்த மட்டக்களப்பில் நானாகத்தான் இருப்பேன். யுத்தம் முடிந்த வருடம், பல்கலைக்கழக வளாக ஆய்வுகூடத்தில் உதவியாளராக இருந்தேன். மின்சாரம் நின்றால் அந்தக் குளிர்நாட்டுச் சீமாட்டிகள் செத்துப்போவார்கள். நான் செங்கலடிக்கு ஓடி ஐஸ் கொண்டுவந்து, றெஜிபோம் என்ற வெள்ளை நுரைப் பெட்டிக்குள் போத்தல்களை அடுக்க வேண்டும். மீன் நாற்றத்தோடு வீட்டுக்குப் போவதும் நான்தான்.

அவற்றைக் கொண்டுவந்தவர் வெளிநாட்டில் படித்து வந்த எங்கள் விரிவுரையாளர் மெடம். ஒவ்வொரு வகையும் தனக்கென்று ஒரு பொருளைத் தண்ணீரில் கசியவிடுமாம். வேறு வகை அதை உணர்ந்தால், துணை வந்துவிட்டதென்று சேரத் தயாராகுமாம். கண்ணுமில்லை, மூக்குமில்லை! எனக்கு அது பெரிய அதிசயம். வீட்டில் தங்கச்சியிடம் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எங்களுக்கு இருந்தது நாங்கள் இருவர்தான். சுனாமி அம்மாவைக் கொண்டுபோனது. மூன்றாம் நாள் உடலைக் கண்டு அழுதோம். தங்கச்சியின் புருசன் சண்டை நடந்த வன்னிக்குப் போனவர். யுத்தம் முடிந்தும் ஒரு சேதியும் இல்லை. ஒருநாள் நான் வேலையில் இருந்த நேரம், வன்னிச் சனங்களை அடைத்திருந்த முகாமிலிருந்து விடுபட்ட ஒரு வயதான மனுசி, தங்கச்சியின் புருசனுடைய சட்டை ஒன்றை அவளிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். வீட்டுக்கு வந்ததும் அதை வாங்கி மோந்து பார்த்தேன். வேர்வையும் பீடியும். அவரேதான்!

"ஆள் இரிக்காரு புள்ள! வாசம் வந்தா ஆள் கிட்ட இரிக்கிற எண்டுதானே அர்த்தம்!" என்று குதித்தேன்.

அவள் சட்டையை மடித்தாள். பொட்டும் தாலியும் அப்படியே இருந்தன. "வெள்ளிக்கிழம முகாமுக்குப் போறன் அக்கா" என்றாள்.

"போ மனே, கையோட கூட்டிக்கொண்டு வா" என்று அவளுடைய பையை நானே அடுக்கினேன்.

வியாழனன்று மெடம் ஒரு வகையின் தண்ணீர்ப் போத்தலைத் தந்து, வேறு வகை இருந்த கிண்ணத்தில் சில துளி விடச் சொன்னார். வெள்ளி காலை நுணுக்குக்காட்டியில் பார்த்தால் எல்லாம் சோடி சோடியாக ஒட்டிக்கொண்டிருந்தன. "மெடம், துணை வந்திட்டு!" என்று கத்தினேன்.

அவர் சிரித்தார். "எந்தத் துணை? அது மற்ற வகையை வடிச்செடுத்த வெறும் தண்ணி. ஒரு கலம்கூட அதுக்குள்ள இல்ல. ஏமாந்து தங்களுக்குள்ளயே சேந்திருக்குதுகள்."

ஒருவருமில்லாத தண்ணீருக்கா இவ்வளவு ஆரவாரம்? என்ன சொல்லி என் தங்கச்சியை அனுப்பினேன், பாவி!

செங்கலடிச் சந்திக்கு ஓடினேன். அவள் பஸ்ஸில் சன்னலோரம் இருந்தாள். மூச்சிரைக்க எல்லாவற்றையும் கொட்டினேன். "நான் சொன்னது பிழை புள்ள. வாசம் இரிக்கும், ஆள் இரிக்கத் தேவையில்ல. அத நம்பிப் போகாத."

அவள் சன்னலால் தலையை வெளியே நீட்டினாள்.

"தெரியும் அக்கா. சேட்டுத் தந்த அண்டைக்கே அந்த மனிசி சொல்லிப்போட்டுத்தான் போனா. அவட மகன்தான் அவர்ர உடல மண்ணில தாட்டவனாம். அவன் இன்னும் முகாமுக்குள்ள. எந்த இடமெண்டு கேக்கத்தான் போறன்."

"ஐயோ, எனக்கு ஏன்டி சொல்லல்ல?"

"நீ குதிச்ச குதியில எப்பிடிச் சொல்ற? அம்மா போன பிறகு நீ சிரிச்சு நான் கண்டதே அண்டைக்குத்தான்."

கொண்டக்டர் மணியடித்தார். வளாகத்தில் சொல்லாமலே ஏறி அவளருகில் இருந்துவிட்டேன்.