சத்தம் வரவில்லை, பழி செல்வத்தின் மேல்

1. கவுன்டரில் கொட்டிய பை

திண்டுக்கல்லில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் ஷோரூமில் சர்வீஸ் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். டிவி, ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் எது மக்கர் செய்தாலும் முதல் போன் எனக்குத்தான் வரும். கத்துகிற வாடிக்கையாளர்கள் மேல் எனக்கு வருத்தமே கிடையாது. ஆசைப்பட்டு வாங்கிய சாமான் ஓடாவிட்டால் யாருக்கும் எரிச்சல் வரத்தான் செய்யும். எனக்கு இன்னும் ஆறாமல் இருப்பது எங்கள் கடைக்குள்ளேயே, எங்கள் ஆள் ஒருவருக்கு எங்கள் மேனேஜர் செய்த காரியம்.

அன்று சனிக்கிழமை. கடை நிறையக் கூட்டம். மேனேஜர் முரளி சார் கையில் போனோடு வேகமாக என் மேஜைக்கு வந்தார்.

"ஜெசிந்தா மேடம், செல்வம் எங்க?"

"கிளம்பிட்டிருக்காரு சார். நாகல் நகர்ல ஒரு டிவி மாட்டணும்."

"அவன எங்கயும் அனுப்பாதீங்க. பையோட கூப்பிடுங்க."

செல்வம் எங்கள் இன்ஸ்டலேஷன் ஆள். வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய் டிவி மாட்டுவது, ஸ்பீக்கர் இணைப்பது எல்லாம் அவர் வேலை. பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண் பிள்ளைகளுக்குத் தகப்பன். யார் வீட்டுக்குப் போனாலும் துளை போட்ட சுவர்த் தூசியைத் தானே கூட்டி அள்ளிவிட்டு வருகிறவர்.

அவர் வந்ததும் முரளி சார் பையை வாங்கி பில் போடும் கவுன்டரிலேயே தலைகீழாகக் கொட்டினார். ஸ்க்ரூ டிரைவர்கள், டெஸ்டர், டேப், ஒயர் துண்டுகள், சாப்பாட்டு டப்பா எல்லாம் கண்ணாடியில் உருண்டன. நடுவில் தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய ஒரு கறுப்புப் பெட்டியும் விழுந்தது. அது சத்தத்தைத் தனியாகப் பிரித்தெடுக்கும் ஆடியோ எக்ஸ்ட்ராக்டர். முரளி சார் அதை எடுத்து எல்லாரும் பார்க்கத் தூக்கிப் பிடித்தார்.

"இந்தா இருக்கு! பாலசமுத்திரத்துல ஒரு கஸ்டமர் வீட்டுல மாட்ட வேண்டிய நல்ல பெட்டி இவன் பையில இருக்கு. அங்க ஒரு டுப்ளிகேட்ட மாட்டிட்டு வந்திருக்கான். அந்தம்மா சத்தமே வரலைன்னு போன் பண்ணுது."

பிரிட்ஜ் பார்க்க வந்த குடும்பம் ஒன்று அவரையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தது. ஒரு அம்மா தன் கைப்பையை இழுத்து அணைத்துக்கொண்டதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

"சார், அது சர்வீஸ் மேஜையோட டெஸ்டிங் பெட்டி. நான்தான் கொடுத்தேன். அடையாளத்துக்கு மூலையில சிவப்பு நெயில் பாலிஷ் வச்சிருக்கேன், பாருங்க" என்றேன்.

அவர் பார்க்கவே இல்லை. "நீங்க ஆளுகளுக்குப் பரிஞ்சுக்கிட்டு வராதீங்க மேடம்" என்றார். பிறகு செல்வத்திடம், "வீட்டுக்குப் போ. கூப்பிட்டா வா" என்றார்.

செல்வம் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் போட்டார். ஒருவரும் உதவிக்குப் போகவில்லை. நான் போனேன்.

2. அந்தப் பெட்டி செய்வதும் செய்யாததும்

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்காக இதை விளக்கிச் சொல்கிறேன். பழைய டிவிகளின் முதுகில் சிவப்பு, வெள்ளை ஓட்டைகள் இருக்கும். அதில் ஒயரைச் செருகினால் ஆம்ப்ளிஃபயரில் சத்தம் வரும். இப்போது வரும் பல மெல்லிய டிவிகளில் அந்த ஓட்டைகள் இல்லை. வீட்டில் அருமையான ஸ்பீக்கர் இருந்தாலும் இணைக்க வழி இருக்காது.

அதற்குத்தான் எக்ஸ்ட்ராக்டர். செட்டாப் பாக்ஸுக்கும் டிவிக்கும் நடுவில் இதை வைக்கிறோம். செட்டாப் பாக்ஸிலிருந்து வரும் எச்.டி.எம்.ஐ. ஒயர் இதற்குள் போகும். படம் மறுபக்கமாக டிவிக்குப் போய்விடும். சத்தம் தனியாகப் பிரிந்து சிவப்பு, வெள்ளைப் பின் வழியாக ஆம்ப்ளிஃபயருக்குப் போகும்.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. தன் வழியாகப் போகிற சத்தத்தைத்தான் இந்தப் பெட்டியால் பிரிக்க முடியும். இன்டர்நெட் கொடுத்து டிவிக்குள்ளேயே இருக்கும் ஆப்பில் ஒரு வீடியோவைப் போட்டால், அந்தச் சத்தம் டிவியிலேயே பிறக்கிறது. அது இந்தப் பெட்டிப் பக்கமே வராது. அதைப் பிரிக்க வேறு வகைப் பெட்டி வேண்டும். டிவியில் ஏ.ஆர்.சி. என்று எழுதியிருக்கும் எச்.டி.எம்.ஐ. ஓட்டை வழியாகச் சத்தம் வெளியே வரும். அதில் மாட்டும் பெட்டி அது.

முரளி சாருக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். நானே அவருக்கு இரண்டு பெட்டிகளையும் பக்கத்தில் வைத்துக் காட்டியிருக்கிறேன்.

3. பாலசமுத்திரம்

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் காலைப் பூசை முடிந்ததும் செல்வத்துக்குப் போன் போட்டு, பாலசமுத்திரம் போகலாம் என்றேன்.

"நான் வரலக்கா. அந்தம்மா மூஞ்சில எப்பிடி முழிக்க?"

"நீ மாட்டின பெட்டி. நீ இல்லாம நான் போய்ப் பாத்தா, நீ ஓடி ஒளிஞ்சிட்டதா பேசுவாங்க. வா."

பழனி பஸ் ஒட்டன்சத்திரம் தாண்டியது. செல்வம் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்.

"கடையில நின்ன சேல்ஸ்மேன் ஒருத்தன் எங்க தெருதான்க்கா. நேத்து பொழுது சாயறதுக்குள்ள பேச்சு வீட்டுக்கு வந்துருச்சு. பெரியவ கேக்குறா, 'அப்பா, உங்கள வேலைய விட்டு நிப்பாட்டிட்டாங்களா'ன்னு. என்னத்தச் சொல்ல?"

எனக்கு வந்தது அழுகை இல்லை, ஆத்திரம்.

வாடிக்கையாளர் பெயர் மரகதம். தென்னந்தோப்புக்கு நடுவில் தேங்காய் உலர்த்தும் களத்தை ஒட்டி ஒரு பெரிய ஷெட் போட்டு, அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு வள்ளிக்கும்மி ஆட்டம் பழக்குகிறார். பாட்டு வீடியோவைப் பெரிய டிவியில் ஓடவிட்டு, இரண்டு உயரமான ஸ்பீக்கரில் சத்தம் வைத்து ஆடுவார்கள். பழைய டிவி போய்விட்டதால் எங்களிடம் புதிது வாங்கினார். அடுத்த வாரம் கோயிலில் அரங்கேற்றம். நாங்கள் போனபோது பெண்கள் வட்டமாக நின்றிருந்தார்கள். டிவியின் சொந்தச் சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து யாரோ முனகுவது போலிருந்தது. பின்னால் நின்றவர்களுக்குத் தாளமே எட்டாமல் அடி தவறிக்கொண்டிருந்தார்கள்.

மரகதம் எங்களைப் பார்த்ததும் ஓடிவந்தார். "வாங்க, வாங்க. மொதல்ல இளநி குடிங்க" என்றவர், செல்வத்தைப் பார்த்ததும் தடுமாறினார். "ஏனுங்க தம்பி, நீங்களும் வந்துட்டீங்களா. உங்களையப் பத்தி நான் ஒண்ணுமே சொல்லலைங்க."

"அப்ப யாரும்மா சொன்னது?" என்று நான் கேட்டேன்.

"உங்க மேனேசருதானுங்க. நான் 'சத்தம் வரலைங்க'ன்னு மட்டுந்தான் சொன்னனுங்க. 'எங்க ஆளு பெட்டிய மாத்தியிருப்பான், அவன நான் பாத்துக்கறேன்'னாரு. 'அந்தத் தம்பி அப்படித் தெரியலைங்களே'ன்னு கூடச் சொல்லிப் பாத்தனுங்க."

செல்வம் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு தென்னை மரங்களைப் பார்த்தார்.

வேலையைப் பார்த்தோம். செட்டாப் பாக்ஸில் ஒரு பாட்டுச் சேனலைப் போட்டதும் இரண்டு ஸ்பீக்கரும் அதிர்ந்தன. பெட்டி நல்ல பெட்டி, மாட்டியதும் சரி. டிவி ஆப்புக்குள் போய்ப் பயிற்சி வீடியோவைப் போட்டதும் ஸ்பீக்கர் ஊமையாகிவிட்டது.

"நீங்க எப்பவும் இந்த ஆப்லதான் பாட்டுப் போடுவீங்களா?"

"ஆமாங்க. வாங்கும்போதே மேனேசர்கிட்ட இதையேதான் கேட்டனுங்க. 'டிவில வர்ற எல்லாச் சத்தமும் வரும், கண்ண மூடிட்டு வாங்கிட்டுப் போங்க'ன்னாருங்க."

அவ்வளவுதான் விஷயம். கேட்ட கேள்விக்கு முரளி சார் தப்பான பதிலைச் சொல்லி, தப்பான பெட்டியை விற்றிருக்கிறார். மரகதத்தின் போன் வந்ததுமே அவருக்குத் தன் தவறு புரிந்திருக்க வேண்டும். "தப்பா கொடுத்துட்டேன், மாத்தித் தாரேன்" என்று ஒரு வார்த்தை போதும். அதற்குப் பதில் இரண்டு பிள்ளைகளின் தகப்பனைத் திருடனாக்கினார்.

இப்படித்தான் இருக்கும் என்ற சந்தேகத்தில் ஏ.ஆர்.சி. பெட்டி ஒன்றை நான் கையோடு கொண்டுபோயிருந்தேன். செல்வம் மாட்டினார். முதலில் சத்தம் வரவில்லை. பெண்கள் எல்லாம் எங்கள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். செல்வத்தின் நெற்றியில் வியர்வை. அவர் டிவி செட்டிங்ஸில் போய் சவுண்ட் அவுட்புட்டை ஏ.ஆர்.சி.க்கு மாற்றி, அதற்குக் கீழே சத்தத்தின் வகையை பி.சி.எம். என்று வைத்தார். அதற்கு முன்பு டிவி அனுப்பிய வகையை அந்தச் சின்னப் பெட்டியால் பிரித்துக் கொடுக்க முடியவில்லை.

ஸ்பீக்கர் இரண்டும் ஒரே நேரத்தில் பாடத் தொடங்கின. பின்வரிசையில் நின்ற ஒரு பெண் குதித்துக் கை தட்டினார், வட்டம் சுழல ஆரம்பித்தது. மரகதம் செல்வத்தின் பக்கத்தில் வந்து நின்று, "தம்பி, அரங்கேத்தத்துக்குப் பிள்ளைகளையும் ஊட்டுக்காரம்மாவையும் கூட்டிட்டு வந்துருங்க. வரலைன்னா எனக்குக் கோவம் வரும்" என்றார். இரண்டு நாளில் அப்போதுதான் செல்வம் சிரித்தார்.

4. திங்கட்கிழமைக் கூட்டம்

எங்கள் கடையில் திங்கள் காலை ஷட்டர் திறக்குமுன் எல்லாரும் நின்று பேசும் கூட்டம் உண்டு. முதலாளியும் வருவார். அதற்கு முன்பே முரளி சாரைத் தனியாகப் பார்த்து நடந்ததைச் சொன்னேன்.

"சரி விடுங்க மேடம். பிரச்சினை தீந்துச்சுல்ல? செல்வத்த வேலைக்கு வரச் சொல்லுங்க."

"நீங்க அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா சார்?"

"என்ன சொல்லணும்? ஒரு டென்ஷன்ல நடந்தது. சின்ன விஷயத்தப் பெருசாக்காதீங்க."

சின்ன விஷயமாம். அவர் பையை யாராவது கவுன்டரில் கொட்டியிருந்தால் சின்ன விஷயமா என்ற கேள்வி வாய் வரை வந்தது. அங்கே கேட்கவில்லை, செல்வத்தையும் வரவழைத்துக் கூட்டத்தில் கேட்டேன். பாலசமுத்திரத்தில் என்ன இருந்தது, யார் என்ன சொல்லி விற்றது, அந்தம்மா போனில் உண்மையில் என்ன சொன்னார் என்று எல்லாவற்றையும் முதலாளி முன்னாலேயே சொன்னேன்.

முதலாளி கையை உயர்த்தி, "சரிம்மா, உள்ள வந்து பேசிக்கலாம்" என்றார்.

"பழிய வெளியில வச்சுத்தான சார் போட்டாரு. வெளியிலயே பேசி முடிச்சிருவோம்" என்றேன்.

பின்னாலிருந்து இன்னொரு இன்ஸ்டலேஷன் ஆள், ஏ.சி. மாட்டும் இப்ராஹிம் பாய், மெதுவாகச் சொன்னார். "இன்னைக்கு செல்வம் பை, நாளைக்கு எம் பை. மேனேஜர் பேசட்டும், அப்புறம் நாங்க வண்டி எடுக்குறோம்." மற்ற ஆட்களும் அவர் பக்கம் நகர்ந்து நின்றார்கள்.

முரளி சார் தரையைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார்.

"கேக்கல சார்" என்றார் செல்வம். கேலியாகச் சொல்லவில்லை. அவருக்கு நிஜமாகவே கேட்கவில்லை.

"நான்தான் தப்பா வித்துட்டேன். செல்வம் மேல தப்பு இல்ல. மன்னிச்சுக்க."

"சரி சார்" என்று சொல்லிவிட்டு செல்வம் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனார். நாகல் நகரில் அந்த டிவி இன்னும் மாட்டாமல் கிடந்தது.

இதைப் படிக்கிற இளையவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். ஸ்பீக்கர் கேட்டு ஒருவர் வந்தால் பெட்டியைக் காட்டுவதற்கு முன் "பாட்டை எதுல போடுவீங்க?" என்று கேளுங்கள். பதிலைக் காதில் வாங்குங்கள். விற்ற பிறகு சத்தம் வரவில்லை என்று போன் வந்தால் ஒயரைச் சந்தேகப்படுங்கள், செட்டிங்ஸைச் சந்தேகப்படுங்கள், நீங்கள் சொன்ன வார்த்தையைச் சந்தேகப்படுங்கள். ஆள் மேல் பழி போடுவதற்கு முன் இந்த மூன்றையும் பார்த்து முடித்திருக்க வேண்டும்.

நியாயம் கிடைத்துவிட்டதே, இன்னும் ஏன் கோபம் என்று கேட்பீர்கள். முரளி சார் மன்னிப்புக் கேட்டது எங்களிடம், ஷட்டர் மூடியிருந்தபோது. சனிக்கிழமை பிரிட்ஜ் பார்க்க வந்த அந்தக் குடும்பத்துக்கு அது தெரியாது. அவர்கள் கணக்கில் எங்கள் கடையில் ஒரு திருடன் பிடிபட்டான். அவர்கள் வீடு எங்கே இருக்கிறது என்று தெரிந்தால், நானே போய்க் கதவைத் தட்டிச் சொல்லிவிட்டு வருவேன்.