புயலுக்குப் பிறகு ஷமீராவின் மைக்

குடவாசலுக்கும் திருவாரூருக்கும் இடைப்பட்ட எங்கள் ஊரில் ஷமீராவின் முகம் தெரியாதவர்கள் உண்டு; குரல் தெரியாதவர்கள் கிடையாது. பேருந்து நிலையத்தை ஒட்டி ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். அது பிழைப்பு. ஆசைக்குச் செய்தது விளம்பரம். ஆடித் தள்ளுபடியோ, பெருநாள் துணியோ, புது பிரியாணிக் கடையோ, எதுவானாலும் ஆட்டோவின் தலையில் கட்டிய குழாயில் வருவது அவள் குரல்தான். அவள் அழைத்தால் வாங்கும் எண்ணம் இல்லாதவர்களும் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். கணவர் ஃபாஜில் சார்ஜாவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் வேலை பார்த்தார். மகள் திருச்சியில் விடுதியில் தங்கிப் படித்தாள். வீட்டில் பேச ஆளில்லாததால்தான் அக்காவுக்கு மைக் மேல் இவ்வளவு பிரியம் என்று விளம்பர ஆட்டோ ஓட்டும் ராம்கி கேலி செய்வான். அவளும் மறுக்கமாட்டாள்.

கார்த்திகையில் புயல் கரை கடந்தது. விடிந்து பார்த்தால் ஊர் ஊராக இல்லை. தெருவுக்கு நாலு மரம் சாய்ந்து கிடந்தது. மின்கம்பங்கள் நடு ரோட்டில் படுத்திருந்தன. சம்பாப் பயிர் தண்ணீருக்குள் போய், வயல் எது, வாய்க்கால் எது என்று தெரியவில்லை. மின்சாரம் இல்லாததால் மோட்டார் ஓடவில்லை. மோட்டார் ஓடாததால் குழாயில் தண்ணீர் இல்லை. செல்போன் கோபுரமும் படுத்துவிட்டது. நகராட்சி வாட்ஸ்அப் குழுவில் ஊரே இருந்தது. ஆனால் யாருக்கும் எதுவும் போய்ச் சேரவில்லை.

நகராட்சி ஆணையராகச் செம்மொழி என்ற பெண் ஐப்பசியில்தான் வந்து பொறுப்பேற்றிருந்தார். ஷமீராவைவிடப் பத்து வயதாவது இளையவர். வழக்கமாக அறிவிப்பு வாசிக்கும் ஊழியர் திருத்துறைப்பூண்டியில் தன் வீட்டோடு மாட்டிக்கொண்டிருந்தார், சாலை இன்னும் திறக்கவில்லை. செம்மொழியே முழங்கால் தண்ணீரில் நடந்து ஆட்டோ நிலையத்துக்கு வந்து, ஒலிபெருக்கி வண்டி யாரிடம் இருக்கிறது என்று கேட்டார். வண்டியும் பேட்டரியும் தன்னிடம் இருப்பதாகச் சொன்ன ராம்கி, பேச வேண்டிய ஆள் ஜெராக்ஸ் கடையில் ஈரக் காகிதத்தை உலர்த்திக்கொண்டிருப்பதாகவும் சொன்னான்.

இப்படித்தான் ஷமீரா நகராட்சியின் வாயானாள்.

முதல் சுற்று சிரிப்பாய்ச் சிரித்தது. கையில் கொடுத்த தாளில் “பொதுமக்கள் அனைவருக்கும் இதன்மூலம் அறிவிக்கப்படுவது யாதெனில்” என்று ஆரம்பித்து மூச்சு விடாமல் அரைப்பக்கம் ஓடியது. ஆட்டோவின் பின்னால் ஜவுளிக்கடை பேனர் பாதி கிழிந்து தொங்கியது. குரலைக் கேட்டவர்கள், இந்த நேரத்தில் எவன் சேலை விற்கிறான் என்று திட்டிக்கொண்டே கதவைச் சாத்தினார்கள். மேலத்தெரு முனையில் இட்லிக் கடை வைத்திருக்கும் அமிர்தம் மட்டும் குடையோடு வந்து வண்டியை நிறுத்தினார்.

“இப்ப என்னம்மா சொன்ன? யாதெனில்ங்கறது மட்டுந்தான் காதுல விழுந்துச்சு.”

ஷமீரா தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். “தண்ணி லாரி வருதுக்கா. மேலத்தெருவுக்கு மத்தியானத்துக்கு மேல. குடிக்கிற தண்ணிய கொதிக்க வச்சுக் குடிங்க. வீடு ஒழுகுதுன்னா பெண்கள் பள்ளிக்கூடத்துல தங்கலாம், அங்க சோறும் போடுறாங்க.”

“இத மொதல்லயே சொல்லிருக்கலாமில்ல” என்று அமிர்தம் போய்க் குடத்தை எடுத்து வைத்தார்.

அதன் பிறகு அவள் தாளில் உள்ள விஷயத்தை எடுத்துக்கொண்டு தன் பேச்சில் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த செம்மொழியும், அதுதான் சரி, அப்படியே சொல்லுங்கள் என்று விட்டுவிட்டார். காலையில் ஒரு சுற்று, மதியம் ஒன்று, விளக்கு வைக்கும் நேரத்தில் ஒன்று என்று ஏற்பாடானது. ராம்கி மரம் கிடக்கும் தெருவையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு, சந்து சந்தாக வண்டியை நுழைத்தான். போக முடியாத இடத்தில் ஷமீரா இறங்கி, கையில் பிடித்துப் பேசும் சின்ன ஒலிபெருக்கியோடு நடந்தாள். செருப்பு சேற்றில் போனது. ராம்கியின் பழைய ரப்பர் செருப்பு இரண்டு அளவு பெரிது. அதைப் போட்டுக்கொண்டு தாரா வாத்து நடப்பதுபோல் நடந்தாள்.

அவளுக்கு அது பிடித்திருந்தது. ஊர் முழுக்க அவளுக்காகக் காத்திருந்தது. வண்டிச் சத்தம் கேட்டதும் ஜன்னல்கள் திறந்தன. கடை விளம்பரத்துக்கு யாரும் இப்படி வாசலுக்கு வந்து நின்றதில்லை. அந்தச் சந்தோஷத்தில்தான் ஒரு தப்பும் செய்தாள்.

பள்ளிவாசல் தெருவில் கைக்குழந்தையோடு ஒரு பெண் நின்றாள். பிள்ளை இரண்டு ராத்திரியாகக் கொசுக்கடியில் தூங்கவில்லை, கரண்ட் எப்போது வரும் என்று கேட்டாள். கேட்ட முகத்தைப் பார்த்ததும் ஷமீராவுக்கு மனம் பொறுக்கவில்லை. “நாளைக்கு வந்துரும்மா” என்று மைக்கிலேயே சொல்லிவிட்டாள். தெருவே கைதட்டியது. அடுத்த தெருவிலும் அதையே சொன்னாள். ஒரு தடவை சொன்ன பிறகு சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

மறுநாள் கரண்ட் வரவில்லை. வருவதற்கான அறிகுறியும் இல்லை. துணைமின் நிலையத்துக்குள்ளேயே தண்ணீர் நின்றது. மாலைச் சுற்றுக்குப் போனபோது பள்ளிவாசல் தெருவில் ஒரு ஜன்னலும் திறக்கவில்லை. அந்தப் பெண் மட்டும் வாசலில் நின்றாள். பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது ஷமீராவுக்கு.

அவள் நேராக நகராட்சி அலுவலகம் போய், தானாகச் சேர்த்துச் சொன்னதைச் செம்மொழியிடம் ஒப்புக்கொண்டாள். இனி வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். செம்மொழி அப்போது பிஸ்கெட்டைக் கறுப்பு டீயில் நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கு அதுதான் அவருக்கு மதியச் சாப்பாடு. அவருக்குக் கோபம் வந்தது தெரிந்தது. ஆனால் குரலை உயர்த்தவில்லை.

“வேற ஆள் எங்கங்க இருக்கு? நீங்களே போய்ச் சொல்லுங்க. சொன்னது தப்புன்னு சொல்லுங்க. கரண்ட் எப்ப வரும்னு எனக்கே தெரியல, அதையும் சொல்லுங்க. சொல்றதுக்கு ஒண்ணுமே இல்லன்னாலும் மூணு வேளையும் போகணும். ஒண்ணும் இல்லன்னு போய்ச் சொல்லணும்.”

ஒன்றும் இல்லை என்று சொல்ல ஒரு வண்டியா என்று ராம்கி முணுமுணுத்தான். டீசலுக்கு அலைந்தவன் அவன்தானே.

மறுநாள் காலை பள்ளிவாசல் தெருவில்தான் முதலில் நிறுத்தினாள். விளம்பரக் குரலை விட்டு, சாதாரணமாகப் பேசினாள். கரண்ட் வரும் என்று நான் சொன்னது பொய்யாகிப் போனது, யாரும் சொல்லச் சொல்லவில்லை, மனசு கேட்காமல் நானே சொல்லிவிட்டேன் என்றாள். எப்போது வரும் என்று தெரியாது; தெரிந்ததும் முதலில் இங்கேதான் வந்து சொல்வேன். கொசுவலை பள்ளிக்கூடத்தில் கொடுக்கிறார்கள், கைப்பிள்ளை உள்ள வீட்டுக்கு முதலில். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். ஒரு ஜன்னல் திறந்தது. ஒரு பெரியவர் வெளியே எட்டிப் பார்த்து, “சரிம்மா, தெரிஞ்சா சொல்லு” என்றார். அவ்வளவுதான். கொசுவலை வாங்கப் போன கூட்டத்தில் அந்தக் கைக்குழந்தைக்காரியும் இருந்தாள்.

அதற்கப்புறம் சொல்வதற்கு ஒன்றுமில்லாத சுற்றுகளும் வந்தன. “புதுச் சேதி எதுவும் இல்லங்க, காலையில சொன்னதுதான்” என்று சொல்லிக்கொண்டே போவாள். வேடிக்கை என்னவென்றால், அதைக் கேட்கவும் ஜனங்கள் வாசலுக்கு வந்தார்கள். புதிதாக ஒன்றும் இல்லை என்றால் புதிதாகக் கெட்டதும் இல்லை என்று அமிர்தம் அதற்கு விளக்கம் கொடுத்தார். ராம்கி டீசலைப் பற்றி அப்புறம் பேசவில்லை.

உண்மையான சோதனை ஒரு மத்தியான வேளையில் வந்தது. மேற்கே ஆற்றுக்கரை உடைந்துவிட்டது என்று யாரோ சொல்ல, சொன்னது தெருவுக்குத் தெரு ஓடியது. பார்த்தவர் யார் என்று யாரும் கேட்கவில்லை. மூட்டையும் முடிச்சுமாக ஜனம் பாலத்தைப் பார்த்துக் கிளம்பியது. பாலத்தைத் தாண்டினால் ரயில் நிலைய மேடு. பைக், சைக்கிள், ஆட்டுக்குட்டி, கட்டிலோடு தூக்கி வந்த ஒரு பாட்டி என்று குறுகலான பாலம் அடைத்துக்கொண்டது. பக்கச்சுவரில் ஒரு பகுதி ஏற்கனவே புயலில் போயிருந்தது. நெருக்கித் தள்ளினால் ஆள் ஆற்றுக்குள்தான்.

ஷமீராவின் ஆட்டோ பாலத்தின் வாயில் மாட்டிக்கொண்டது. கூட்டம் அவளைப் பார்த்தது. உடையவில்லை என்று சொல்லத்தான் நாக்குத் துடித்தது. சொன்னால் கூட்டம் நின்றுவிடும் என்றும் தெரிந்தது. ஆனால் கரை உடைந்ததா இல்லையா என்று அவளுக்குத் தெரியாது. மைக்கை எடுத்தாள்.

“கரை உடைஞ்சிருச்சான்னு எனக்குத் தெரியாதுங்க. நான் இப்பவே போய்ப் பாத்துட்டு வரேன். வந்து உள்ளத சொல்றேன். அதுவரைக்கும் பாலத்துல ஏறாதீங்க, செவுரு இல்ல. மாடி வீட்டுக்காரங்க கதவத் திறந்து விடுங்க. எல்லாரும் மாடிக்குப் போங்க.”

கூட்டம் உடனே கேட்டுவிடவில்லை. முன்னால் நின்ற ஒருவர் இரைந்தார். ஆனால் பள்ளிவாசல் தெருக்காரர்கள் சிலர் நின்றார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறாள், போய் வரட்டும் என்றார்கள். நின்றவர்களைப் பார்த்து மற்றவர்களும் நின்றார்கள். மாடி வீடுகளின் கதவுகள் திறந்தன. கட்டில் பாட்டியை ஒரு ஜவுளிக்கடை மாடியில் ஏற்றினார்கள்.

ராம்கி வண்டியைக் கரை ரோட்டில் விட்டான். பாதி வழியில் ஒரு புளியமரம் குறுக்கே கிடந்தது. ஷமீரா மரத்தடியில் குனிந்து நுழைந்து நடந்தாள். பெரிய செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள். பயமாகத்தான் இருந்தது. உடைந்திருந்தால் தானும் ராம்கியும்தான் முதலில் போவோம் என்ற நினைப்பு அப்போதுதான் வந்தது. திரும்பிப் பார்த்தாள், ராம்கி பின்னால் வந்துகொண்டிருந்தான். வீட்டுக்குப் போடா என்றாள். போகவில்லை.

கரைமேல் லஸ்கர் நடராசன் மண்வெட்டியோடு நின்றார். மதகையும் கரையையும் பார்த்துக்கொள்வது அவர் வேலை. இடுப்பு வரை சேறு. அவரும் நாலு பேரும் கரையில் ஓர் இடத்தில் கசிந்ததை மணல் மூட்டை போட்டு அடைத்து முடித்திருந்தார்கள். வாய்க்கால் வழிந்து வயலில் பாய்ந்ததைப் பார்த்துவிட்டு யாரோ ஊருக்குள் ஓடியிருக்கிறார்கள். ஆற்றில் தண்ணீர் அன்று காலையிலிருந்து இறங்குமுகம் என்று அவர் மதகின் ஈரத் தடத்தைக் காட்டினார்.

ஷமீரா அவரைக் கூடவே வரச் சொன்னாள். இப்படியேவா, என்று அவர் சேற்றைக் காட்டினார். இப்படியேதான் வேண்டும் என்றாள்.

பாலத்தடியில் ஆட்டோவின் மேல் ஏறி நின்று நடராசன் மைக்கை வாங்கினார். அதற்கு முன் அவர் மைக்கைத் தொட்டதில்லை. அதை மண்வெட்டிக் காம்புபோல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“நான் லஸ்கர் நடராசன். கரையிலேர்ந்து வரேன். கரை இருக்கு. ஒரு எடத்துல கசிஞ்சுது, அடைச்சாச்சு.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “உடைஞ்சிருந்தா நான் இங்க இருக்க மாட்டேன்” என்று சேர்த்துக்கொண்டார்.

கூட்டத்தில் யாரோ சிரிக்க ஆரம்பித்தார்கள். அந்தச் சிரிப்பு பாலத்தின் அந்த முனை வரை போனது. மூட்டைகள் திரும்பின. ஆட்டுக்குட்டி மட்டும் திரும்ப மறுத்தது. அதைத் தூக்கிக்கொண்டு போனார்கள். செம்மொழி சைக்கிள் ஒன்றின் பின்னால் உட்கார்ந்து வந்து சேர்ந்தபோது கூட்டம் கலைந்திருந்தது. நடந்ததைக் கேட்டுவிட்டு, பாலத்தின் உடைந்த பக்கத்துக்குக் கம்பு கட்டச் சொன்னார். ஷமீராவின் தோளை ஒருமுறை அழுத்திவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலமே செல்போன் கோபுரம் உயிர் பெற்றது. ஷமீராவின் போனில் சார்ஜாவிலிருந்து வந்த அழைப்புகள் வரிசையாக விழுந்தன. எடுத்ததும் ஃபாஜிலுக்குக் குரல் தழுதழுத்தது. எப்படி இருக்கிறாய் என்று ஒரு வார்த்தை யார் மூலமாவது சொல்லி அனுப்பியிருக்கக்கூடாதா என்று கேட்டார். டிவியில் மரம் விழுந்ததையே திரும்பத் திரும்பக் காட்டினார்களாம், சோறு இறங்கவில்லையாம்.

“மறந்தே போச்சு மச்சான்” என்றாள். அதற்குமேல் சொல்ல அவளுக்குக் குரல் இல்லை. தொண்டை கட்டியிருந்தது. ஊருக்கெல்லாம் சேதி சொல்லிவிட்டு எனக்கு மட்டும் சொல்லவில்லையே என்று அவர் புலம்பியதை ராம்கி ஸ்பீக்கரில் கேட்டு, அக்கா பத்திரம், செருப்பு ஒரு ஜோடி மட்டும் போயிருச்சு என்று அறிவித்தான்.

மறுநாள் சுற்றுக்கு அவளால் பேச முடியவில்லை. ராம்கி பேசினான். துணைமின் நிலையத்தில் தண்ணீரை இறைத்துவிட்டார்கள், தெருத்தெருவாக இணைப்பு கொடுக்கிறார்கள் என்பது சேதி. பள்ளிவாசல் தெருவில் முதலில் நிறுத்தச் சொல்லி ஷமீரா சைகை காட்டினாள். அவன் சொன்ன விதத்தில் பாதிப் பேருக்குப் புரியவில்லை. புரியாதவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் முகத்தைப் பார்த்தார்கள். அவள் தலையாட்டினாள். சரி, உண்மைதான் என்று மின்விசிறிச் சுவிட்சைப் போட்டு வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். அன்றைக்கே வந்தது.

எல்லாத் தெருவுக்கும் வெளிச்சம் வந்த பிறகுதான் ஷமீரா வீட்டுக்குப் போய்ப் படுத்தாள். மறுநாள் வெயில் ஏறிய பிறகும் எழவில்லை. தெருவுக்குள் வந்த காய்கறி வண்டிக்காரரிடம், மைக்கை அணைத்துவிட்டுப் போகும்படி அமிர்தம் கையைக் காட்டினார். அவர் கத்திரிக்காயை வாயைத் திறக்காமலே விற்றுவிட்டுப் போனார். ஷமீரா எழுந்து கதவைத் திறந்தபோது வாசலில் மூன்று சாப்பாட்டுத் தூக்குகள் இருந்தன. ஒன்று அமிர்தத்துடையது, ஒன்று பள்ளிவாசல் தெருவிலிருந்து வந்தது. மூன்றாவதில் மீன் குழம்பு இருந்தது. அது யார் வீட்டுத் தூக்கு என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. குழம்பில் உப்பு மட்டும் கொஞ்சம் தூக்கலாக இருந்ததாகச் சொல்கிறாள்.