கண்டனூர் வீட்டில் கேட்ட உறுமல்

ஐயா, அம்மணி, இதை வாசிக்கும் தாங்கள் எவராயினும் என் வணக்கம். நான் கல்லூரி வாசலை மிதித்தவன் அல்லன். காரைக்குடியில் ரேடியோ பழுதுபார்க்கத் தொடங்கி, புத்தகங்களைத் துணைக்கொண்டு ஒலிக்கருவிகளை அமைக்கக் கற்றவன். ஆண்டின் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கும் கண்டனூர் வீடொன்றில், கல்யாணத்திற்கு முந்தைய நாள் காலையில் நிகழ்ந்ததை எழுதுகிறேன்.

அவ்வீட்டு ஆச்சியின் கணவர் காலமாகிவிட்டார். அவர் திருமுறை பாடியதை யாரோ கைப்பேசியில் பதிந்து வைத்திருந்தனர். மகளுக்குத் திருப்பூட்டும் முன், அதாவது தாலி கட்டும் முன், அக்குரல் பந்தலில் ஒலிக்க வேண்டும் என்று ஆச்சி விரும்பினார். மடிக்கணினியில் உள்ள பதிவை ஒலியலையாக மாற்றித் தரும் சிறு பெட்டியொன்றை அதற்கென அமைத்தேன். எங்கள் தொழிலில் அதை டிஏசி என்போம். பெட்டியை வீட்டினுள் வைத்து, வீட்டு மின்சாரத்தில் செருகினேன். ஆம்ப்ளிஃபயர் வெளியே பந்தலில் இருந்தது. பந்தலுக்கு ஜெனரேட்டரும், மண்ணில் புதிதாக அடித்த தனி எர்த்தும் உண்டு. வீட்டையும் பந்தலையும் இணைத்தது நான் இழுத்த ஒலி ஒயர் ஒன்றே.

குரல் எழுந்தது. அதன் அடியில் ஓர் உறுமலும் எழுந்தது. பாட்டை நிறுத்தியும் உறுமல் நிற்கவில்லை. தானாக அடங்கும், யாரோ மூச்சு வாங்கிக்கொண்டதுபோல மறுபடியும் கிளம்பும்.

ஆச்சி வந்து நின்று கேட்டார். "என்னண்ணே இது, அவுக பாடுறாகளா, இல்ல அடித்தொண்டையில யாரும் அழுகுறாகளா?"

"பெட்டியிலதான் கோளாறு இருக்கும் ஆச்சி. பாத்துருவோம்."

பெட்டியின் மின்வழங்கியில் கண்டென்சர்களை மாற்றினேன், பயனில்லை. கணினியைக் கழற்றினேன், உறுமல் தொடர்ந்தது. பந்தலிலிருந்து சவுண்ட் செட்காரர் எட்டிப் பார்த்தார்.

"பிளக்குல எர்த் பின்னை ஒடிச்சு விடுங்கண்ணே. எல்லாக் கல்யாணத்துலயும் அதத்தான செய்யிறோம். கப்புன்னு அடங்கிரும்."

"அடங்கும்ப்பா. ஏன் அடங்குதுன்னு தெரியணும்ல?"

"கண்டுபுடிச்சு, பொண்ணுக்குப் புள்ள பெறந்தப்பறம் சொல்லுவீகளாக்கும்!"

பின்னை ஒடிக்க எனக்கு மனம் வரவில்லை. குறை மின்வழங்கியில் உள்ளதா என்று அறிய, பிளக்கையே உருவிவிட்டுப் பெட்டியைப் பேட்டரியில் ஓட்டினேன். உறுமல் அற்றுப்போயிற்று. இறந்தவரின் குரல் கண்ணாடிபோல் தெளிந்து வந்தது. ஆச்சி கண்களை மூடிக்கொண்டார்.

அந்தக் கணமே, சமையல் நடக்கும் இரண்டாங்கட்டிலிருந்து அலறல் கேட்டது.

ஓடும் கிரைண்டரில் மாவைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்த சமையற்காரப் பெண் ஈரத் தரையில் விழுந்து கிடந்தார். ஓடிச்சென்று மெயினை அணைத்தேன். அவர் எழுந்து உட்கார்ந்து, கையைப் பிசைந்தபடி சொன்னார்: "யாத்தே, பாம்பு கணக்காப் புடிச்சுச்சே! காலையிலருந்து அதத் தொட்டுத்தான மாவாட்டுறேன், அம்புட்டு நேரமும் சும்மாதான இருந்துச்சு?"

அச்சொல்லில்தான் எனக்கு விளங்கியது. கிரைண்டரில் கசிந்த மின்சாரம் வீட்டு எர்த் கம்பி வழியே மண்ணுக்குள் இறங்குவதே முறை. அங்கே வழியில்லாமல், பிளக்கின் எர்த் பின் வழியே என் பெட்டிக்குள் நுழைந்து, மெல்லிய ஒலி ஒயர் வழியே பந்தலின் எர்த்தைச் சேர்ந்திருக்கிறது. உறுமல் என்று நாங்கள் கேட்டது அந்தப் போக்கைத்தான்; கிரைண்டரை நிறுத்தியபோது அடங்கி, ஓட்டியபோது கிளம்பியிருக்கிறது. பிளக்கை உருவி நான் அதைத் துண்டித்ததும், அது அப்பெண்ணின் உடலை வழியாக்கிக்கொண்டது. பின்னை ஒடித்திருந்தாலும் இதுவே நடந்திருக்கும்.

வீட்டு எர்த்தைப் புதைத்த குழி எங்கே என்று வீட்டுக் காவலரிடம் கேட்டேன். புதுக்கல் பளபளத்த இடத்தைக் காட்டினார்.

"இங்குட்டுத்தான் இருந்துச்சு. பந்தி போட மேடுபள்ளமா இருக்குன்னு கல்லு பதிக்கச் சொன்னாக. முன்னெல்லாம் மறக்காமத் தண்ணி ஊத்துவேன். கல்லு போட்டப்பறம் எங்குட்டு ஊத்த?"

இடிக்க வேண்டும் என்றேன். ஆச்சி தயங்கினார். "முகூர்த்தக்கால் ஊண்டியாச்சேண்ணே. இனிமேத் தரைய இடிக்கலாமா? அவுக குரல் இல்லாட்டியும் போகுது, விட்டுருங்க."

"குரலுக்காகச் சொல்லல ஆச்சி. நாளைக்கு இதே ஈரத்துல எத்தனை பேரு நிப்பாக?"

ஆச்சி அப்பெண்ணின் சிவந்த உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு காவலரிடம், "கடப்பாரைய எடுத்துட்டு வாங்க" என்றார்.

கல்லுக்கடியில் மண் சுண்ணாம்பாய் உலர்ந்திருந்தது; ஈரமில்லாத மண் மின்சாரத்தை ஏற்காது. எர்த்தின் செம்புப் பட்டை, தொட்டதும் பச்சைத் தூளாக உதிர்ந்தது. புதுக் குழாய் இறக்கிக் கரியும் உப்பும் இட்டு, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினோம். வாடகைக்கு வந்த அந்தக் கிரைண்டரைத் திருப்பி அனுப்பிவிட்டேன். மீட்டர் வைத்துப் பார்த்த பின்னரே மெயினைப் போட அனுமதித்தேன்.

மறுநாள் குரல் பிசிறின்றி ஒலித்தது. பந்தலில் பலர் கண்ணீர் விட்டனர். நானோ பாட்டைக் கேட்கவில்லை. அதன் அடியில் ஏதேனும் எழுகிறதா என்றே கேட்டுக்கொண்டிருந்தேன். கல்யாணம் முடிந்து அவ்வீடு மீண்டும் பூட்டப்பட்டது. குழிக்குத் தண்ணீர் ஊற்றுவதாகக் காவலர் சொல்லியிருக்கிறார். அத்தெருவில் பூட்டிய வீடுகள் இன்னும் பல உள்ளன. அவற்றின் குழிகள் எந்தக் கல்லுக்கடியில் உலர்கின்றன என்று நான் அறியேன். அடுத்த கல்யாணத்தில் எவரேனும் பின்னை ஒடிப்பார், உறுமலும் அடங்கும்.

ஆகவே, ஐயா, அம்மணி, இக்குறிப்பை எறிந்துவிடாமல் பத்திரமாக வைத்திருக்க வேண்டுகிறேன்.