தலைதீபாவளியும் அறுபத்தொரு கிலோவும்

இதுவரை போட்டதிலேயே கஷ்டமான சண்டை எது என்று ஜிம்முக்கு வருகிறவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. என் மூக்கைப் பார்த்துக்கொண்டேதான் கேட்பார்கள். அதை ஒரு பக்கமாகத் திருப்பி வைத்த ஹரியானாக்காரனைப் பற்றிச் சொல்வேன் என்று எதிர்பார்ப்பார்கள். நான் என் தலைதீபாவளியைச் சொல்வேன்.

நான் தொழில்முறை பாக்ஸர். கேட்க நன்றாகத்தான் இருக்கும். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு ஜிம்மில் காலையும் மாலையும் பயிற்சி கொடுப்பதுதான் எனக்குச் சோறு போட்டது. சண்டை வருஷத்துக்கு இரண்டு அமைந்தால் அதிகம். என் பிரிவுக்கு எடை எல்லை அறுபத்தொரு கிலோ இருநூறு கிராம். சண்டைக்கு முந்தின நாள் எல்லார் முன்னாலும் மிஷினில் ஏற்றுவார்கள். அதற்கு மேல் ஒரு தேங்காய்ச்சில் அளவு கூடினாலும் சண்டை கிடையாது. ஒரு முறை அப்படிக் கூடிப்போய், கையுறை மாட்டாமலே சென்னையிலிருந்து பஸ் ஏறித் திரும்பி வந்தேன். போட்டி நடத்துகிறவர் போனில், "இன்னொரு தடவ வெயிட்ட வுட்டா இந்தப் பக்கமே வராத தம்பி" என்றார். எனக்கு முப்பத்தொரு வயது. அந்த வயதில் அவரை விட்டால் வேறு யாரும் கூப்பிட மாட்டார்கள்.

அவர் மனசு இரங்கிக் கொடுத்த அந்த ஒரு சண்டை தீபாவளி முடிந்த வாரத்தில் வந்து விழுந்தது. அது என் தலைதீபாவளி.

மாமனார் சேத்தியாத்தோப்பில் நெல் வாங்கி அரிசியாக்கி விற்கும் மண்டி வைத்திருக்கிறார். கடை முன்னால், வீடு பின்னால். பெண் பார்க்கப் போன அன்றே அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "நாலு பேருக்குச் சொல்லிக் குடுங்க மாப்ள, வேணாங்கல. ஆனா இனிமே நீங்க மேடை ஏறி அடிச்சிக்கக் கூடாது. எம் பொண்ணு ஆஸ்பத்திரி வாசல்ல ஒக்காரக் கூடாது." நான் சரி என்று தலையாட்டினேன். பெண் அழகாக இருந்தாள். அன்றைக்கு எதற்கு வேண்டுமானாலும் தலையாட்டியிருப்பேன்.

கல்யாணத்துக்குப் பிறகு என் மனைவியிடம் மட்டும் சொன்னேன், இன்னும் கொஞ்ச நாள் ஆட ஆசையாக இருக்கிறது என்று. அவள் யோசித்துவிட்டு, "ஆடுங்க. ஆனா அப்பாவுக்குத் தெரிஞ்சா நா உங்க பக்கம் இல்ல, இப்பவே சொல்லிட்டேன்" என்றாள். சொன்ன சொல் தவறாதவள் என்பது எனக்கு அதற்குள் தெரிந்திருந்தது.

தீபாவளிக்கு முதல் நாள் மாலை பைக்கில் போய் இறங்கினோம். கடலூரில் கிளம்பும்போது எல்லையை விட அரைக் கிலோதான் கூட இருந்தேன். அது ஒன்றும் பெரிய விஷயமில்லை. இரண்டு நாள் வாயைக் கட்டினால் போய்விடும். ஆனால் தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை வாயைக் கட்ட முடியுமா? அத்தை அன்று இரவே வஞ்சிர மீனை வறுத்துப் போட்டார். மரியாதைக்காக இரண்டு துண்டு சாப்பிட்டேன். விடியற்காலை எண்ணெய் தேய்த்துக் குளித்த கையோடு, யாரும் பார்க்காத நேரமாக, கடையில் மூட்டை நிறுக்கும் மிஷினில் ஏறி நின்றேன். அறுபத்து நாலு காட்டியது. இரண்டு துண்டு மீன் இரண்டு கிலோவுக்கு மேலா ஏற்றிவிட்டது? இறங்கி மறுபடி ஏறினேன். அது மனசை மாற்றிக்கொள்ளவில்லை.

அதோடு சாப்பாட்டை நிறுத்தினேன். தீபாவளி அன்று காலை இலையில் இட்லியும் ஆட்டுக்கறிக் குழம்பும் வந்தன. அரை இட்லியைப் பிட்டுப் பிட்டு இலையில் ஊர்வலம் விட்டேன். "வயிறு சரியில்ல அத்தே" என்றேன். அத்தை உள்ளே போய் லேகியம் கொண்டுவந்தார். வெல்லமும் நெய்யும் போட்டுக் கிண்டிய லேகியம், குழிக்கரண்டி நிறைய. அந்த ஒரு கரண்டியை ஓடிக் கரைக்க வெள்ளாற்றுப் பாலத்துக்கும் வீட்டுக்கும் நடுவே மூன்று தடவை ஓடவேண்டியிருந்தது. வியர்வை இறங்குவதற்காக மழைக்கோட்டு போட்டுக்கொண்டு ஓடினேன். அன்றைக்கு என்று பார்த்து வெயில் கொளுத்தியது.

மறுநாள் கேதாரகௌரி நோன்பு. தட்டு நிறைய அதிரசம். தொடவில்லை. அத்தையின் முகம் வாடிவிட்டது. சமையலறையில் அவர் மகளிடம் பேசியது எனக்குக் கேட்டது.

"என்னாடி, மாப்ள முறுக்கா? என்னா கொற வெச்சோம்?"

"ஒண்ணும் இல்லம்மா. அவுரு எப்பவும் கொஞ்சமாதான் சாப்புடுவாரு."

"கல்யாணத்தன்னிக்கு ரெண்டு எலை சாப்புட்டாரே. நாந்தான பரிமாறுனேன்."

கல்யாணத்துக்கு முந்தின வாரம்தான் இவர்களுக்குத் தெரியாமல் ஒரு சண்டை முடித்திருந்தேன், பசி அப்படி.

அன்று சாயங்காலம் அத்தை பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து, தட்டில் வெற்றிலை பாக்கோடு ஒரு மோதிரத்தை வைத்து நீட்டினார். "கல்யாணத்துலயே போட்டுருக்கணும் மாப்ள. மனசுல வெச்சிக்காதீங்க" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்குச் செத்துப்போகலாம் போல இருந்தது. வேண்டாம் என்றால் முறுக்கு இன்னும் ஜாஸ்தி என்று ஆகும். வாங்கினால் மோதிரத்துக்காகத்தான் பட்டினி கிடந்தேன் என்று ஆகும். விரலை நீட்டினேன். போட்டுவிட்டு ஆசையாகச் சாப்பிடக் கூப்பிட்டார். "நாளைக்கு அத்தே" என்றேன்.

மறுநாள் காலை மிஷினில் ஏறினேன். அறுபத்திரண்டு. தண்ணீரைக்கூட அளந்து குடித்தும் இன்னும் முக்கால் கிலோவுக்கு மேல் போகவேண்டும். உடம்பில் கழற்றிப்போட எதுவும் பாக்கியில்லை, மோதிரத்தைத் தவிர. தலையை ஆட்டிக்கொண்டு இறங்கித் திரும்பினால் பின்னால் மாமா நிற்கிறார்.

அவர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தார்.

"மாப்ள, மூணு நாளா பாக்குறேன். ஏறி நிக்கிறீங்க. தலைய ஆட்டுறீங்க. வூட்ல ஒரு வாய் சோறு திங்கல. கண்டுபுடிச்சிட்டீங்க, இல்ல?"

அவர்தான் என்னைக் கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு ஒன்றும் புரியவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அன்றைக்கு அந்தக் கடைக்குள் அப்படி இரண்டு நெஞ்சு இருந்தது.

"பஜார்ல எல்லாருந்தான் பண்றான்" என்றார். "நா மட்டும் யோக்கியனா இருந்தா கடைய மூடிட்டுப் போவ வேண்டியதுதான். அதுக்காக இந்தச் சோறு பாவச்சோறுன்னு ஒதுக்கி வெப்பீங்களா? இதத் தின்னுதான் உங்க பொண்டாட்டி வளந்தா."

"என்னா மாமா சொல்றீங்க?"

"மிஷின் ஜாஸ்தி காட்டுது. அதான உங்களுக்கு?"

"எவ்ளோ ஜாஸ்தி?"

நான் அவரை மடக்குகிறேன் என்று நினைத்தார் போல. தரையைப் பார்த்துக்கொண்டு, "மூட்டைக்கு முக்கா கிலோ" என்றார். "இருவத்தஞ்சு கிலோ மூட்டைக்கு."

கணக்கில் நான் புலியில்லை. ஆனால் அந்தக் கணக்கை மட்டும் மனசு தானாகவே போட்டது: என் அறுபத்திரண்டில் கிட்டத்தட்ட இரண்டு கிலோ பொய். அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். ஒரு திருட்டைக் கேட்டு அவ்வளவு சந்தோஷப்பட்டவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். அந்தச் சந்தோஷத்தில் வாய் தவறி, சண்டை, எடை, பட்டினி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

மாமாவின் முகம் சிவந்தது. "அப்ப எனக்குக் குடுத்த வாக்கு..." என்று ஆரம்பித்தார். அவர் கண் தானாக மிஷின் பக்கம் போனது. வாக்கியத்தை அங்கேயே விட்டுவிட்டார்.

"இது விக்கிற மிஷின்" என்றார். "உள்ள வாங்குற மிஷின் ஒண்ணு இருக்கு. அதுலயும் ஏறிப் பாருங்க."

ஏறினேன். ஐம்பத்தெட்டரை காட்டியது.

"இதுல எது மாமா சரி?"

"ரெண்டும் இல்ல. ரெண்டுக்கும் நடுவுல வெச்சிக்குங்க."

நடுவில் வைத்துக்கொண்டெல்லாம் சென்னைக்குப் போக முடியாது என்றேன். சரியாகக் காட்டும் மிஷின் வேண்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டு பஜாரைக் கடை கடையாக யோசித்தார். உரக்கடை என்றேன், சிரித்தார். கறிக்கடை என்றேன், காதைப் பொத்திக்கொள்ளாத குறை. கடைசியில் என் பைக்கில் பின்னால் ஏறி உட்கார்ந்து, "அண்ணாமலை நகருக்கு வுடுங்க. படிக்கிற பசங்க இருக்கிற எடம், அங்க ஏமாத்த மாட்டாங்க" என்றார்.

ஹாஸ்டல்களுக்குப் பக்கத்தில் ஒரு ஜிம். வெள்ளை வேட்டியோடு மாமா உள்ளே நுழைந்ததும் தம்புள்ஸ் தூக்கிக்கொண்டிருந்தவர்கள் கீழே வைத்துவிட்டார்கள். நான் மிஷினில் ஏறினேன். அறுபது கிலோ இருநூறு. எல்லையை விட ஒரு கிலோ குறைவு. மூன்று நாள் பட்டினியில் பாதி தண்டம். மாமா எட்டிப் பார்த்துவிட்டு, "நடுவுலன்னு சொன்னேன்ல" என்றார் பெருமையாக. பிறகு அவரும் ஏறினார். வாழ்நாளெல்லாம் வாங்குகிற மிஷினிலேயே தன்னை நிறுத்துப் பழகியவர். இரண்டு கிலோ ஜாஸ்தி காட்டியதும், "இந்த மிஷின் சரியில்ல மாப்ள" என்றார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் பாலம் தாண்டும்போது என் தோளைத் தொட்டு, "அத்தைக்கிட்ட ரெண்டு பேரும் எதுவும் சொல்லிக்க வேணாம்" என்றார்.

அன்று மத்தியானம் நான் சாப்பிட்ட சாப்பாட்டைப் பற்றி அத்தை இன்றைக்கும் சொல்வார். ஒரு கிலோ இடம் இருக்கிறது என்று தெரிந்து சாப்பிடும் சந்தோஷம் பாக்ஸர்களுக்குத்தான் தெரியும். ஆனால் அத்தைக்கு என் பசி நீங்கிய காரணம் தெளிவாகத் தெரிந்திருந்தது. "மோதிரம் போட்டதும் சாப்புட்டாரு" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். இன்றுவரை சேத்தியாத்தோப்பில் நான் மோதிரத்துக்காக மூன்று நாள் பட்டினி கிடந்த மாப்பிள்ளை. மறுத்துச் சொல்ல வேண்டுமானால் மாமாவின் மிஷினைச் சொல்லவேண்டும். சொல்லவில்லை. அந்தப் பேரின் மேல் கோபம் மட்டும் இன்னும் இருக்கிறது.

சென்னையில் எடை சரியாக நின்றது. மறுநாள் புள்ளிக் கணக்கில் ஜெயித்தேன். மூக்கு இன்னொரு தடவை உடைந்து, முன்பைவிடக் கொஞ்சம் நேரானது. ஜிம்மில் பட்டது என்று நான் சொன்னதை நம்பிய அத்தை அதைப் பார்த்து, "இப்பதான் மாப்ள களையா இருக்காரு" என்றார்.

அடுத்த சண்டை பொங்கல் கழித்து வந்தது. பொங்கலுக்குப் போனபோது கூடத்தில் சாமி படத்துக்குக் கீழே புது எடை மிஷின் ஒன்று, சந்தனம் குங்குமம் வைத்து, நின்றுகொண்டிருந்தது.

"இது கரெக்டா காட்டும்" என்றார் மாமா. "ஆஸ்பத்திரிக்குக் குடுக்கிற கம்பெனிலேந்து வாங்குனது."

"கடையில மாமா?"

"வாங்குறத மாத்திட்டேன்."

"விக்கிறது?"

"பாப்போம்" என்று சுவரைப் பார்த்தார். பிறகு, "ஏறுங்க" என்றார்.

ஏறினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வேட்டியைச் சேர்த்துப் பிடித்துக் குனிந்து எண்ணைப் படித்தார். இரண்டு தடவை படித்தார். அத்தை அதிரசத் தட்டோடு வந்து என் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போனார். நான் கையை நீட்டுவதற்குள் மாமா அந்தத் தட்டை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"ஒண்ணரைக் கிலோ கொறையணும்" என்றார். "சண்ட முடிஞ்சதும் வந்து சாப்புடுங்க. சண்டைக்கி நானும் கூட வந்து பாக்குறேன்."

அந்த வீட்டில் என் முன்னாலிருந்து ஒருவர் தட்டை எடுத்தது அதுதான் முதல் தடவை. பசி வயிற்றைக் கிள்ளியது. அவ்வளவு சந்தோஷமாக நான் பட்டினி கிடந்ததே இல்லை.