நடக்காத வகுப்பில் எட்டுப் பேர்

தண்டவாளத் துண்டு ஒன்றைச் சங்கிலியில் கட்டித் தொங்கவிட்டால் அது பள்ளிக்கூட மணி. தாம்பரத்தில் தண்டவாளத்துக்குப் பஞ்சமில்லை என்பதால் எங்கள் பள்ளி மணி இரும்புலியூர் வரை கேட்கும். எண்பதுகளின் பிற்பாதியில் நான் பிளஸ் டூ படித்த வருடம் அந்த மணி மாலையில் இரண்டு தடவை அடித்தது. முதலாவது எல்லோருக்கும். பத்து நிமிடம் கழித்து அடிக்கும் இரண்டாவது எங்களுக்கு மட்டும். அது ஓய்வதற்குள் பெண் பிள்ளைகள் கேட்டைத் தாண்டியிருக்க வேண்டும். வாட்ச்மேன் சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டே விரட்டுவார். "இன்னா பாப்பா, இன்னும் இங்கயே நின்னுகினு கீறீங்க? வூட்டுக்குக் கெளம்புங்க, கேட்டு சாத்தணும்." கேட்டு சாத்திய பிறகு உள்ளே பையன்களுக்குக் கணக்கு ஸ்பெஷல் கிளாஸ் நடக்கும். பழைய கேள்வித்தாள்கள், இன்ஜினியரிங் நுழைவுத் தேர்வுக் கணக்குகள் எல்லாம் அங்கேதான். எங்களுக்கு அது இல்லாததற்குச் சொல்லப்பட்ட காரணம் இருட்டு. வகுப்பு முடிவதற்குள் இருட்டிவிடும், பெண் பிள்ளைகள் எப்படி வீடு போவார்கள்? பள்ளிக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவில் இருந்த அந்த இருட்டை யாரும் ஒன்றும் செய்யவில்லை. எங்களைத்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

எனக்கு அந்த ஏற்பாட்டில் ஒரு குறையும் இல்லை. கணக்குக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை முறிந்து வெகு காலமாகியிருந்தது. நாலு மணிக்கு வெளியே வந்தால் ஸ்டேஷன் பக்கத்து வாடகை நூலகத்தில் தொடர்கதைகளைப் புரட்டிவிட்டு, ஒழுங்காகப் படித்த முகத்தோடு பீர்க்கன்கரணையில் இருந்த வீட்டுக்குப் போகலாம். பெண்ணாகப் பிறந்ததால் எனக்குக் கிடைத்த ஒரே லாபம் அதுதான். அதையும் கெடுத்தவள் அசிஸ்டென்ட்.

அவளுக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. ஆனால் எங்கள் பள்ளி வழக்கப்படி வகுப்புக்கு இரண்டு தலைவர்கள்: லீடர் கட்டாயம் பையன், அசிஸ்டென்ட் லீடர் கட்டாயம் பெண். வாத்தியார் இல்லாதபோது "சைலன்ஸ்" என்று கத்துவது லீடரின் வேலை. சாக்பீஸ் கொண்டுவருவது, டஸ்டர் தட்டுவது, வருகிற பெரிய மனிதர்களுக்கு ஆரத்தித் தட்டு ஏந்துவது ஆகியவை அசிஸ்டென்ட்டின் வேலை. ஆறாம் வகுப்பிலிருந்து முதல் ரேங்க் வாங்கிவந்த அவள், ஆறாம் வகுப்பிலிருந்தே அசிஸ்டென்ட்டாகவும் இருந்தாள். கடைசியில் அந்தப் பதவியே பெயராக ஒட்டிக்கொண்டது. ஒருநாள் சாப்பாடு கொண்டுவந்த அவளுடைய அம்மாவே, "அசிஸ்டென்ட்டைக் கொஞ்சம் கூப்பிடும்மா" என்றார்.

அவளுடைய அப்பா மின்சார ரயில் ஷெட்டில் ஃபிட்டர். மூத்த மகளைப் பிளஸ் டூ முடித்த கையோடு கட்டிக்கொடுத்திருந்தார். இவளுக்கும் படப்பையில் ஹார்டுவேர் கடை வைத்திருந்த உறவுக்காரப் பையன் தயாராக இருந்தான். அப்பா ஒரே ஒரு சலுகை தந்திருந்தார்: இன்ஜினியரிங் சீட் கிடைத்தால் படிக்கலாம், கிடைக்காவிட்டால் ஆவணியில் கல்யாணம். ஆக, கேட்டுக்கு உள்ளே நடந்துகொண்டிருந்தது கணக்கு வகுப்பு. வெளியே அவளுக்காகக் காத்திருந்தது படப்பை.

காலாண்டுத் தேர்வில் விஷயம் வெடித்தது. கணக்கு சார் கேட்டிருந்த பெரிய கணக்குகளில் பாதி, ஸ்பெஷல் கிளாஸில் அவரே போட்டுக் காட்டியவை. முதன்முறையாக லீடர் அசிஸ்டென்ட்டை முந்தினான். விடைத்தாள் கொடுக்கும்போது கணக்கு சார் இரக்கத்தோடு சொன்னார்: "பொம்பளப் பிள்ளைங்களுக்கு மனப்பாடக் கணக்கு வரும். யோசிக்கிற கணக்கு வராது. அது இயற்கை." அன்று மாலை இரண்டாவது மணி அடித்தபோது அசிஸ்டென்ட் கேட்டுப் பக்கம் போகாமல் தலைமையாசிரியர் அறைக்குப் போனாள். துணைக்கு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அவளுடைய ஹோம்வொர்க்கைப் பார்த்து எழுதிப் பிழைத்துவந்த நான் வேறு எங்கே போக முடியும்?

தலைமையாசிரியர் கெட்டவர் அல்ல. கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போடுவது சுலபமாக இருந்திருக்கும். "உங்க நல்லதுக்குத்தாம்மா. வழியில ஏதாவது ஆச்சுன்னா நான் இல்ல பதில் சொல்லணும்?" என்றார்.

"மார்க் குறைஞ்சா யார் சார் பதில் சொல்லுவாங்க?" என்றாள் அசிஸ்டென்ட். "கிளாஸைக் காலையில வையுங்க சார். எல்லாரும் வரோம்."

"காலையில கணக்கு சாருக்கு டியூஷன் இருக்கு. வேணும்னா இருட்டினாலும் பரவாயில்லைன்னு உங்கப்பாவை எழுதித் தரச் சொல்லு, பார்க்கலாம்."

எந்த அப்பாவும் எழுதித் தர மாட்டார் என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். "சரி சார், நாங்களே எழுதறோம்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

இன்று என் மகள் படிக்கும் பள்ளியில் யாரிடம் புகார் செய்வது என்று சுவரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். பெட்டி உண்டு, குழு உண்டு, தொலைபேசி எண் உண்டு. அன்று, புகார் என்ற ஒன்றை மாணவி செய்யலாம் என்பதே எங்களுக்குப் புதுச் செய்தி. பால் வேற்றுமை பாராட்டக் கூடாது என்று அரசியலமைப்பின் பதினைந்தாவது பிரிவு சொல்கிறது. அதை எட்டாம் வகுப்புக் குடிமையியலில் ஐந்து மதிப்பெண் கேள்வியாகப் படித்து, மதிப்பெண் வாங்கியதும் மறந்திருந்தேன். அவள் மறக்கவில்லை. பதினைந்தாவது பிரிவை மேலே போட்டு, நடப்பது என்ன, எங்களுக்கு நஷ்டம் என்ன, வேண்டுவது என்ன என்று மூன்றே பத்தியில் மனு எழுதினாள். அழுகை கிடையாது, "தாழ்மையுடன்" கூடக் கிடையாது. பதினோரு பேர் கையெழுத்துப் போட்டோம். விஷயம் வீடுகளுக்குத் தெரிந்ததும் மூன்று பேர் அழுதுகொண்டே தங்கள் கையெழுத்தை அடித்துவிட்டுப் போனார்கள். நானும் நழுவப் பார்த்தேன்.

"எனக்குக் கணக்கே வராதுடி. நான் எதுக்கு?"

"வராதவளும் வேணும். நல்லாப் படிக்கிற ஒருத்திக்கு மட்டும் சலுகைன்னு முடிச்சுடுவாங்க. நீதான் முக்கியம்."

வாழ்க்கையில் என்னை யாரும் எதற்கும் முக்கியம் என்று சொன்னதில்லை. என் முட்டாள்தனம் பொதுநலனுக்குப் பயன்படுகிறது என்ற பெருமிதத்தோடு, கையெழுத்தை அடிக்கத் திறந்த பேனாவை மூடினேன்.

தலைமையாசிரியர் மனுவைக் கையால் வாங்க மறுத்தார். ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினாள். பள்ளிக்கு வரவேண்டிய மானிய உத்தரவு என்று நினைத்து அவரே ஆசையாகக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். பதில் வரவில்லை. அந்த அட்டையையும் மனுவின் நகலையும் எடுத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை செங்கல்பட்டுக்கு ரயில் ஏறினோம். கல்வி அலுவலகத்தில் தபால் வாங்கும் அம்மா மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "ஹெட்மாஸ்டர் மூலமா வரணும்மா."

"ஹெட்மாஸ்டர் மேலதான் மேடம் புகார். அவர் மூலமா எப்படி வரும்?"

அந்த அம்மா மனுவைப் படித்தார். மறுபடி படித்தார். "எங்க காலத்துல எங்களையும் இப்படித்தான் வீட்டுக்கு அனுப்புவாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, எங்கள் நகலில் தேதி முத்திரையை ஓங்கி ஒரு குத்துக் குத்தினார். மேஜை ஆடியது. தை பிறப்பதற்குள் அசிஸ்டென்ட்டின் பெயருக்கே அரசாங்க உறையில் பதில் வந்தது. அவளுடைய அப்பா ஆடிப்போய்விட்டார். "பொண்ணு பேர்ல ஆபீஸ் கவரு வருது. படப்பைக்காரங்களுக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பாங்க?" அவள் கவரைப் பிரித்து உள்ளே இருந்ததைப் படித்துக்கொண்டிருந்தாள். கல்வி அலுவலகம் பள்ளியிடம் விளக்கம் கேட்டிருந்தது. பள்ளி கொடுத்த விளக்கத்தின் நகல் அது: "இப்பள்ளியில் மாலை நேரச் சிறப்பு வகுப்பு எதுவும் நடைபெறவில்லை." தலைமையாசிரியரின் கையெழுத்து, பள்ளி முத்திரை எல்லாம் பளிச்சென்று இருந்தன.

நான் இடிந்துபோனேன். பச்சைப் பொய் ஜெயித்துவிட்டது, இனி நூலகம்தான் என்று உள்ளூர ஒரு சின்ன ஆறுதல்கூட. அவளோ சிரித்தாள். மறுநாள் இரண்டாவது மணி அடித்து ஓய்ந்தது. நாங்கள் எட்டுப் பேரும் வகுப்புக்குள் நுழைந்து முன் பெஞ்சுகளில் உட்கார்ந்தோம். வாட்ச்மேன் பின்னாலேயே ஓடிவந்தார். "பாப்பா, பேஜார் பண்ணாதீங்க, என் வேலை பூடும்." கணக்கு சார் சாக்பீஸோடு நின்றுவிட்டார். செய்தி போய், தலைமையாசிரியரே வந்தார்.

"என்னம்மா இது? பையன்களுக்கு கிளாஸ் நடக்குது, தெரியலையா?"

அசிஸ்டென்ட் எழுந்து நகலை நீட்டினாள். "நடக்கலைன்னு நீங்கதான் சார் எழுதிக் கொடுத்திருக்கீங்க. நடக்காத கிளாஸ்ல நாங்க உக்காரக் கூடாதுன்னு எப்படி சார் சொல்லுவீங்க? இல்ல, நடக்குதுன்னா அதை எழுதிக் கொடுங்க. செங்கல்பட்டுக்கு அனுப்பிடறேன்."

பின் பெஞ்சில் எவனோ விசிலடித்தான். தலைமையாசிரியர் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். தான் கட்டிய சுவரில் தானே முட்டிக்கொண்ட மனிதரின் முகத்தை நான் அவ்வளவு பக்கத்தில் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிறகு வந்த வழியே திரும்பிப் போனார்.

கணக்கு சார் அவ்வளவு சுலபத்தில் விடவில்லை. "சரி, வந்தாச்சு. ஒருத்தர் போர்டுக்கு வாங்க பார்ப்போம்" என்றவர், அனுபவசாலி ஆயிற்றே, எட்டு முகங்களில் என் முகத்தைத் தேர்ந்தெடுத்தார். வகைக்கெழுச் சமன்பாடு ஒன்றைப் போர்டில் எழுதிச் சாக்பீஸைக் கொடுத்தார். நான் கேள்வியை மிக அழகான கையெழுத்தில் மறுபடி எழுதினேன். அதற்குக் கீழே "தீர்வு" என்று எழுதி அடிக்கோடிட்டேன். என் ஞானம் அத்துடன் முடிந்தது. வகுப்பே சிரித்தது. "இதுக்குத்தான் மனுவா?" என்றார் சார்.

அசிஸ்டென்ட் உட்கார்ந்தபடியே சொன்னாள். "சார், அந்தக் கணக்கு இங்க இருக்கற முக்கால்வாசிப் பசங்களுக்கும் வராது. வராதவங்களுக்குச் சொல்லித் தரத்தானே இந்த கிளாஸ்? அவங்க உக்காந்திருக்காங்கல்ல, அவளும் உக்காரட்டும்."

சிரிப்பு நின்றது. லீடர்கூடத் தலையைக் குனிந்துகொண்டான், அவனுக்கும் வராது. சார் என் கையிலிருந்து சாக்பீஸை வாங்கி முதல் வரியிலிருந்து போட ஆரம்பித்தார். சமத்துவத்தைப் பற்றி அதற்குப் பிறகு கனமான புத்தகங்கள் நிறையப் படித்திருக்கிறேன். மக்குப் பையனுக்குக் கிடைப்பது மக்குப் பெண்ணுக்கும் கிடைக்க வேண்டும் என்பதைத் தாண்டி அவை எனக்குப் புதிதாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. தேர்வு வரை தினமும் உட்கார்ந்தோம். இருட்டில் எட்டுப் பேரும் உரக்கச் சண்டை போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தோம். எங்களைப் பார்த்துத் தெருதான் பயந்தது.

அவளுக்கு இரண்டாம் பட்டியலில் இன்ஜினியரிங் சீட் வந்தது. கல்லூரியில் சேர மாற்றுச் சான்றிதழ் வாங்க எல்லோருமாகப் போனோம். அதில் ஒழுக்கமும் பண்பும் என்று ஒரு கட்டம் உண்டு. சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால் பீடி குடித்த பையன்களுக்கெல்லாம் "நன்று". எங்கள் எட்டுப் பேருக்கும் "திருப்தி". கல்லூரி வாசலில் அந்த ஒரு வார்த்தை என்ன வேலை செய்யும் என்பது தலைமையாசிரியருக்குத் தெரியும். அசிஸ்டென்ட்டின் அப்பா வெளியே நின்றிருந்தார். அவருக்கு ஒரு சாக்குக் கிடைத்தால் போதும், படப்பை இன்னும் தயாராகத்தான் இருந்தது.

அசிஸ்டென்ட் சான்றிதழை மேஜையில் வைத்தாள். குரல் உயரவில்லை. "நடத்தையில என்ன குறைன்னு பக்கத்துலயே எழுதிடுங்க சார். கணக்குச் சொல்லிக் கொடுக்கச் சொல்லி மனு கொடுத்தாள்னு எழுதுங்க. காலேஜ்ல கேட்டா அதையே காட்டிக்கறேன்."

தலைமையாசிரியர் பேனாவைத் திறந்தார். திறந்தபடியே வைத்திருந்தார். பிறகு அலமாரியிலிருந்து எட்டுப் புதுப் படிவங்களை எடுத்து ஒவ்வொன்றாக எழுதத் தொடங்கினார். என் முறை வந்தபோது, "எனக்கு மட்டும் பழையதே இருக்கட்டும் சார்" என்றேன். அசிஸ்டென்ட் என் காலை ஓங்கி மிதித்தாள். அந்தப் புதுச் சான்றிதழ் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதன்படி என் நடத்தை நன்று. என் வாழ்நாளில் நான் உருப்படியாகச் செய்த ஒரே கலகத்துக்கு அரசாங்கத்தில் ஓர் அத்தாட்சியும் இல்லை.